பாலம் மூடும் நேரம்

எனக்குச் சர்க்கரை வேண்டாம், சார்ஜென்ட். பால் மட்டும் கொஞ்சம் விடுங்கள். நடந்தே வந்ததில் முழங்கால் விட்டுப்போயிற்று. சற்று உட்கார்ந்து பேசுகிறேன். வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

பெயர் ஆம்ப்ரோஸ் ப்ரைக். வயது அறுபது. வெல்ஹாம் துறையில் தரைப்பாலத்துப் பலகையை எழுதுகிறவன். எனக்கு முன்னால் அப்பா எழுதினார், அவருக்கு முன்னால் அவர் மாமா. எதிரே இருக்கிற தீவில் இப்போது ஆள் குடியில்லை. ஆடுகளும், பழைய ஜெபவீடும், கல்லறைகளும்தான். ஒரு மைல் நீளக் கற்பாலம். கடல் வற்றத்தில் நடந்து போகலாம், ஏற்றத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பாலம் எத்தனை மணிக்கு மூடும் என்று தினமும் காலையில் நான் சாக்கட்டியால் எழுதி வைப்பேன்.

அந்தப் பலகையில் கோடைக்கால நேரம் கிடையாது. மார்ச்சில் நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினாலும் பலகை அசையாது, வருடம் முழுக்க குளிர்கால நேரம்தான். கோடையில் பார்க்கிறவர்கள் மனதுக்குள் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வெளியாள் யார் வந்தாலும் மதுக்கடை டோரா முதல் நாளே சொல்லிவிடுவாள்: "லண்டன் கடிகாரம் இங்க செல்லாது கண்ணு. ஒண்ணு கூட்டிக்க, ஒண்ணுக்கு மேல கூட்டினா நண்டுக்குத்தான் விருந்து."

இந்த வழக்கம் ஏதோ நானூறு வருடத்துப் பழசு என்று கோடையில் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் மறுப்பதில்லை. உண்மையில் நாற்பத்தொரு வருடம்தான் ஆகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்தேழில் நிலக்கரிப் பஞ்சம். அந்தக் கோடையில் கடிகாரத்தை ஒன்றல்ல, இரண்டு மணி முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதில் ஒரு மணியைத் திருப்பிக் கழித்தார்கள். அந்தக் காலத்தில் பலகையில் கடிகார நேரத்தைத்தான் எழுதுவோம். அச்சிட்ட அட்டவணை குளிர்கால நேரத்தில் இருக்கும், அதில் அன்றைக்கு மூன்று மணி என்று இருந்தது. ஒன்று கூட்டி நான்கு என்று எழுதியிருக்க வேண்டும். கோடை முழுக்க இரண்டு கூட்டிப் பழகிய கை, ஐந்து என்று எழுதிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

அன்று தீவு ஜெபவீட்டில் ஆண்டு ஆராதனை. ஐசக் மஸ்ஸெட் என்ற வண்டிக்காரன், தன் மனைவியையும் இன்னும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு நாலேகாலுக்குத் தீவிலிருந்து திரும்பினான். பாலத்தின் நடுப்பகுதிதான் தாழ்வு. இரண்டு கரையிலிருந்து பார்த்தாலும் கல் காய்ந்தே தெரியும். நடுவில் போன பிறகுதான் முன்னும் பின்னும் தண்ணீர் இருப்பது தெரியும். குதிரையின் சேணத்தைப் பிடித்துக்கொண்டு ஐசக் மட்டும் கரையேறினான். நான்கு பெண்களும் போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டு எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். பலகையருகே யாருமில்லை. சட்டைக் கையால் துடைத்துவிட்டு நான்கு என்று எழுதப்பட்டது.

ஐசக் கத்தினான், அழுதான். "அஞ்சுன்னுதான்யா போட்டிருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றான். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். நான்கு. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் குடிக்கிறவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொடமாட்டான். அதன் பிறகு பதினோரு வருடம் இருந்தான். யாரும் அவன் வண்டியில் ஏறவில்லை. மதுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர், "ஐசக், மணி என்னடா?" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் தனியாகத் தெரிந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவன் விஷயத்தில் சரியாகிப் போனது.

இனிமேல் பலகைக்கு ஒரே நேரம்தான், தண்ணீர் பார்லிமென்ட் பேச்சைக் கேட்காது என்று அப்பா சட்டம் போட்டது அந்த செப்டம்பரில். ஊரும் ஒப்புக்கொண்டது.

மிஸ் தர்ஸ்டன் ஊருக்கு வந்து மூன்று வருடம் இருக்கும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வெல்ஹாம் துறையின் வரலாற்றை எழுதுகிறேன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். நல்ல பெண்மணி, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையில் நோட்டு. பலகையைக் கடக்கும்போதெல்லாம் விரலை உயர்த்திக் காட்டுவார். "ஒண்ணு கூட்டியாச்சு மிஸ்டர் ப்ரைக். நானும் இப்போ ஊர்க்காரிதான், பாத்தீங்களா?" அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள், சீரகக் கேக்கும் ஒரு உறையுமாக என் வீட்டுக்கு வந்தார். உறைக்குள் ஒரு புகைப்படம். ஐசக்கின் மகள் நோரா, இப்ஸ்விச்சில் இருக்கிறாள், அவளிடம் கிடைத்ததாம். அன்று வண்டி துறையிலிருந்து தீவுக்குக் கிளம்புமுன் ஜெபவீட்டுப் போதகர் எடுத்தது. நான்கு பெண்களும் தொப்பியோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் பலகை. அதில் ஐந்து.

"உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் மிஸ் தர்ஸ்டன். "உங்க அப்பா பேரை நான் போடப்போறதில்ல. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். இந்தப் படத்தை மட்டும் புத்தகத்துல போட்டுடறேன். எங்க அப்பா குடிச்சுட்டு ஓட்டலைன்னு ஊர் ஒரு தடவை சொன்னாப் போதும்னு நோரா கேக்குறாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"நாப்பது வருஷம் ஆச்சே மிஸ்."

"அவங்களுக்கு ஆகலையே, மிஸ்டர் ப்ரைக்."

படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு நம்பிக்கை. அதை அடுப்பில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். படத்தைப் போடலாம், அதைப் பார்த்த கண்ணை என்ன செய்வது? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புத்தகம் வந்தால் ஒவ்வொருவரும் அப்பாவைப் பேசுவார்கள். அவர் ஐம்பது வருடம் ஒரு நிமிடம் பிசகாமல் எழுதியவர். இறந்தவர் வந்து பதில் சொல்லவா போகிறார்? அவர் பெயரைக் காப்பாற்ற நான் ஒருவன்தானே இருக்கிறேன். இதைத்தான் அந்த இரண்டு வாரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, மேட்டுத் தெரு மண்டபத்தில் காய்கறிப் போட்டி. ஊரே பூசணியும் லீக்ஸும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். துறையில் ஒரு நாய்கூட இருக்காது. அன்று தீவுக்குப் போய்க் கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கப் போவதாக மிஸ் தர்ஸ்டன் முந்தின நாளே சொல்லியிருந்தார். அந்த நான்கு பெண்களுடைய கல்லறைகள்.

அன்றைக்குப் பாலம் மூடுவது கடிகாரப்படி நாலு பத்துக்கு. வழக்கப்படி மூன்று பத்து என்று எழுத வேண்டும். நான் நாலு பத்து என்று எழுதினேன்.

கவனியுங்கள் சார்ஜென்ட், நான் பொய் எழுதவில்லை. உங்கள் கைக்கடிகாரத்தை வைத்து அந்தப் பலகையைச் சோதித்திருந்தால் நிமிடம் தவறாமல் சரியாக இருந்திருக்கும். லண்டனிலிருந்து வந்த யாராவது அதைப் பார்த்து நடந்திருந்தால் பத்திரமாகக் கரை சேர்ந்திருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அது ஆபத்து.

மத்தியானம் அவர் வந்தார். பலகையைப் பார்த்தார். விரலை உயர்த்தினார். "அஞ்சு பத்து. நிறைய நேரம் இருக்கு" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காற்று கிழக்கே திரும்புகிறது, கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். சுற்றிக்கொண்டார்.

பிறகு நடந்ததை விசாரணையில் கேட்டிருப்பீர்கள். தவறுதலால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு. பலகையில் மூன்று பத்து என்று இருந்ததைப் போட்டி முடிந்து இறங்கி வந்த இருபது பேர் பார்த்தார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு கூட்டிக்கொண்டு போய்ச் சிக்கினார் என்று ஆயிற்று. என்னைக் கேட்டார்கள், தலையாட்டினேன். நோராவும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று மதுக்கடையில் டோரா தம்ளர் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "படிச்ச பொம்பளை, ஒண்ணு கூட்டச் சொன்னா ரெண்டு கூட்டியிருக்காளே! ஷெர்ரி ஒரு மடக்கு உள்ள போயிருக்கும், வேற என்ன?" எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. துக்கம் என்று சொல்லமாட்டேன். அலுப்பு. நாற்பத்தொரு வருடமாக ஒரே சிரிப்பைச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துப்போயிற்று. காலையில் எழுந்து இங்கே நடந்து வந்துவிட்டேன்.

இந்த உறையில் அந்தப் படம் இருக்கிறது. நோராவிடம் சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டு முழுக்க என் அப்பா குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். திரும்பி வந்ததும் பலகையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு சாகும்வரை சாக்கட்டியை என் கையில் அவர் கொடுக்கவே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நாலரை மணிக்கு அவர் பாலத்தின் நடுவில் இருந்தார். என் படகு படித்துறையில்தான் கட்டியிருந்தது, துடுப்பும் உள்ளேயே இருந்தது. பத்து நிமிடம் வலித்தால் போய்ச் சேரலாம். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் தெளிந்தது, அவ்வளவு தூரத்திலும் அது தெரிந்தது. நோட்டு நனையாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை எனக்கு ஆட்டினார். நான் வருவேன் என்று நினைத்தார். பதிலுக்கு நானும் கையை ஆட்டினேன். ஒரு பெண்மணி கையாட்டும்போது சும்மா நின்றால் மரியாதை இல்லை. பிறகு பலகையைத் துடைக்கப் போனேன்.