மூடி மேல் வைத்த கை

ஹலோ... ஹலோ, மாப்ள, கேக்குதா?... ஆங், சேகர் தான். வந்துட்டேன்... ஒங்க வூட்டு மொட்டமாடியில தான் நிக்கிறேன்... ஆமா, ஆமா, சாவி கெடச்சிது. பக்கத்து வூட்டு ரோசி கையில குடுத்துட்டு ஓடிடுச்சி. ஆஸ்பத்திரி டூட்டிக்கி லேட்டாயிடுச்சாம்... சிதம்பரத்துலேந்து செம்மண்டலம் வரைக்கும் நின்னுகிட்டே வந்தேன், மாப்ள. கத்திரி வெயிலு. பஸ்ஸு தகரத்துல கை வைக்க முடியல... சரி, சரி, கத்தாத. கோழிக்கி என்னான்னு தான கேக்குற? இரு, கிட்டப் போயி பாக்குறேன்.

ம்... எல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்கிது. றெக்கைய அகட்டி வெச்சிருக்குது... இல்ல, சாவல. இன்னும் சாவல... ஒண்ணு ரெண்டு படுத்துருக்கு. அந்த மொட்டக் கழுத்துக் கோழி, புது வூட்டுக்குக் குடி வந்தப்ப எந் தங்கச்சி மதிக்கி நான் சீரு குடுத்தனே, அது நிக்கிது. கண்ண மூடிகிட்டு நிக்கிது. மத்ததெல்லாம் அது பெத்ததும் பேரன் பேத்தியும் தான?... ஆமாமா. ஒரே தாயி.

கேமராவுல தெரியிறனா? கையாட்டுறேன் பாரு... தெரியிது இல்ல? நல்ல கேமரா தான். பூனை வருதான்னு பாக்க வெச்ச. இப்ப பழனியில ஒக்காந்துகிட்டு மச்சானப் பாக்குற.

தண்ணியா? தண்ணி ரொம்பி நிக்கிது மாப்ள. டிரம்மத் தட்டிப் பாத்தேன், கழுத்து வரைக்கும் கெட்டி சத்தம் வருது. காலையில ரோசியும் தட்டிப் பாத்துட்டு தான் தண்ணி இருக்குன்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்கு. அது மேல தப்பு இல்ல... ஆமா... ஆமா... குழாய்ல செவப்பு நிப்பிளு வரிசையா இருக்கு. கோழி வந்து கொத்துது. டக்கு டக்குன்னு கொத்துது. ஒரு சொட்டு வரல.

அடைப்பா?... இல்ல... குழாய்ல காத்து நின்னுகிச்சா? அதுவும் இல்ல. நல்லா தான் யோசிக்கிற. ஆனா அது இல்ல... எனக்குத் தெரியும், மாப்ள. படியேறி வந்து டிரம்மப் பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. ரெண்டு செகண்டு வேல... பண்ணுறேன், பண்ணுறேன். என் கை மூடி மேல தான் இருக்கு, பாரு. கேமராவுல தெரியிதா? இந்தக் கை தான். எதுக்கு அவசரப்படுற? என்னான்னு நீ தெரிஞ்சிக்க வேணாமா? அடுத்த தடவ நின்னுபோனா திரும்ப எனக்கு போன் போடுவியா?

மொதல்ல நான் ஒண்ணு கேக்குறேன். இத யாரு செஞ்சது?... இந்தக் கூண்டு, இந்த டிரம்மு, இந்தக் குழாயி. யாரு செஞ்சது?... நீயா? ஆங், நீ தான். யூடியூப்ல அப்டித்தான சொன்ன? 'நானே யோசிச்சி நானே செஞ்சேன் மக்களே'ன்னு. ரெண்டு லட்சம் பேரு பாத்துருக்கான். நானும் பாத்தேன். எம் பொண்டாட்டி காயத்ரி தான் போன எம் மூஞ்சிக்கி நேரா நீட்டி, 'இது நம்ம வூட்டுக் கூண்டாட்டம் இருக்கே'ன்னா... இல்ல, கோவம் இல்ல. கோவமெல்லாம் அன்னிக்கே போயிடுச்சி.

திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாணத்துக்கு வந்தேன் இல்ல? பந்தியில எனக்குப் பக்கத்துல ஒருத்தரு. யாருன்னே தெரியாது. 'நீங்க கார்த்திகேசன் மச்சானா? ஒங்க மாப்ளகிட்ட சொல்லி எனக்கும் ஒரு கூண்டு போட்டுத் தரச் சொல்லுங்க, அவரு பெரிய மூள'ன்னாரு. நான் அப்பளத்த நொறுக்கிகிட்டு இருந்தேன். சொல்றேங்கன்னேன். அவ்ளோ தான் சொன்னேன், மாப்ள. வேற என்னா சொல்ல?

...ஒண்ணு படுத்துக்கிச்சி. ஆமா, அந்தக் கறுப்பு. தெரியிது, எனக்கும் தெரியிது. கூண்டுக்கு வெளிய தான் நிக்கிறேன், குருடன் இல்ல.

போன ஸ்பீக்கர்ல போடு... போடு சொல்றேன். மதி பக்கத்துல இருக்கா இல்ல? ஒங்க அப்பா, அம்மா?... எல்லாரும் ரூம்ல தான் இருக்கீங்களா? நல்லது... மதி? அண்ணன் தான் பேசுறேன் பாப்பா. அழுவாத... தொறக்குறேன் ம்மா. நீ செத்த சும்மா இரு. நானும் மாப்ளயும் பேசிகிட்டு இருக்கோம்.

மாப்ள, டிரம்மோட வயித்தப் பாரு. கேமராவுக்குக் காட்டுறேன். நகந்துக்குறேன்... தெரியிதா? உள்ள வாங்கியிருக்கு. பட்டினி கெடந்த மாடாட்டம் ரெண்டு பக்கமும் ஒட்டிப்போயி இருக்கு. இதப் பாத்து தான் எனக்குத் தெரிஞ்சிது. தண்ணி கீழ எறங்குனா, அது இருந்த எடத்துக்கு மேலேந்து காத்து வரணும். காத்து வரலன்னா தண்ணி எறங்காது. கீழ எழுவத்தஞ்சி கோழி கொத்துனாலும் எறங்காது. கரும்பு ஜூஸு குடிக்கும்போது ஸ்ட்ரா மேல வெரல வெச்சி மூடித் தூக்கிப் பாரு, ஜூஸு உள்ளயே நிக்கும். வெரல எடு, கொட்டும். எண்ண டின்னுல ஏன் ரெண்டு ஓட்ட போடுறான்? ஒண்ணு எண்ணைக்கி. இன்னொண்ணு காத்துக்கு. அழகா இருக்கு இல்ல? எனக்கு இத நெனச்சா இன்னும் ஆச்சரியமா தான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, நூறு லிட்டர் தண்ணியப் புடிச்சி நிறுத்துது.

...தெரியும், வெயிலு தெரியிது. எனக்கும் தான் மண்ட காயிது. கேளு.

எங்க வூட்டு டிரம்ல ஓட்ட இருக்கு. மூடியோட கைப்புடிக்கி அடியில. சைக்கிள் கம்பி நொழையிற அளவு தான். மேலேந்து பாத்தா தெரியாது. மழத்தண்ணி உள்ள போவக் கூடாதுன்னு அங்க போட்டேன். ஒரே நாள்ல வரல அது. பக்கவாட்டுல போட்டுப் பாத்தேன், எறும்பு பூந்துது. நடுவுல போட்டேன், காக்கா எச்சம் எறங்குச்சி. அப்புறம் தான் கைப்புடிக்கி அடியில. நீ எங்க வூட்டுக் காதுகுத்துக்கு வந்த. எல்லாரும் சாப்புட ஒக்காந்திருக்கும்போது நீ மட்டும் கொல்லையில நின்னு போட்டோ எடுத்த. நான் எலையில பரிமாறிகிட்டு ஜன்னல் வழியாப் பாத்தேன். குழாய எடுத்த, நிப்பிள எடுத்த, எறும்பு ஏறாம கூண்டுக் காலு எண்ணக் கிண்ணத்துல நிக்கிறத எடுத்த. ஒரே ஒரு தடவ வந்து கேட்டிருந்தா, மாப்ள, மூடியக் கழட்டிக் கையில குடுத்திருப்பேன். நீ கேக்கல. ஓட்ட போட்டோவுல உழுவல.

இத்தினி நாளு எப்புடி ஓடிச்சா?... அட, இது கேள்வி! இது நல்ல கேள்வி, மாப்ள. இத்தினி நாளு மூடிய நீ சும்மா மேல வெச்சிருந்த. இடுக்கு வழியாக் காத்து போயிகிட்டு இருந்துது. ஊருக்குப் போறமே, எலி காக்கா உளுந்துடப் போவுதுன்னு நேத்து விடியக்காலயில இறுக்குன. கையில துணி சுத்திகிட்டு இறுக்குனியா?... அதான். ரப்பர் வாஷரு வேற. ஒரு பொட்டுக் காத்து போவாது. கோழி நல்லா இருக்கணும்னு தான் இறுக்கியிருக்க. அந்த இறுக்கு தான் இது.

இரு... காயத்ரி நடுவுல கூப்புடுறா. மதி, நீ தான அவளுக்கு மெசேஜ் போட்ட?... அவகிட்ட நான் அப்புறம் பேசிக்குறேன். கட் பண்ணிட்டேன்.

சரி மாப்ள, சொல்லு... என்னா சொல்றதா? இத யாரு செஞ்சதுன்னு சொல்லு. ஒங்க அப்பா அம்மாவுக்குக் கேக்கணும்... ம்... கேக்கல. வாய்க்குள்ளயே பேசுற... 'ஐடியா எடுத்தேன்'னா? ஐடியா எங்க எடுத்த, கடையிலயா?... 'பாத்து செஞ்சேன்'. ம்ஹூம். நான் சொல்றேன், அதையே திருப்பிச் சொல்லு. 'இது சிதம்பரம் ஞானசேகரன், மதியோட அண்ணன், யோசிச்சி செஞ்சது. நான் திருட்டுத்தனமா போட்டோ எடுத்து, என்னுதுன்னு சொல்லிகிட்டேன்.' அவ்ளோ தான். ஸ்கூல் புள்ள கூட ஒப்பிக்கும்... பேரு சொல்லு. ஊரு சொல்லு. ஒறவும் சொல்லு. 'மதியோட அண்ணன்' அத உட்டுட்ட. மறுபடியும் மொதல்லேந்து.

மாமா, நீங்க நடுவுல பேசாதீங்க. ஒங்க மேல மரியாத இருக்கு. இது எங்க ரெண்டு பேருக்குள்ள.

...மதி, கத்தாத! பாக்குறேன்... ஆமா, மொட்டக் கழுத்து உளுந்துடுச்சி. உழுவல, ஒக்காந்துக்கிச்சி. சாஞ்சி ஒக்காந்துருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆவாது, அது நாங் குடுத்த கோழி. கெட்டி... சொல்லி முடிக்கட்டும் ம்மா. இன்னும் ஒரு வரி தான் பாக்கி. ஒம் புருசன சீக்கிரம் சொல்லச் சொல்லு. நானா தாமசம் பண்ணுறேன்?

ம்... 'சிதம்பரம் ஞானசேகரன்'... ம்... 'மதியோட அண்ணன்'... ஆங்... 'திருட்டுத்தனமா'... ம்... ம். இதையே வீடியோவுல போடணும். எம் பேரோட. போடுவியா?... சத்தியமா?... மதி மேல சத்தியமா?... சரி. அழுவாத. ஆம்பள நீ.

இப்ப பாரு. எல்லாரும் கேமராவப் பாருங்க. ரெண்டு சுத்து தான்... ஒண்ணு... கெட்டியா தான் இறுக்கியிருக்க... ரெண்டு. கேட்டிச்சா? ஸ்ஸ்ஸுன்னு! காத்து உள்ள போவுது மாப்ள! டொப்புன்னுச்சி பாத்தியா, வயிறு வெளிய வந்துடுச்சி! நான் சொன்னேன் இல்ல? அதே தான். அச்சு அசலா அதே தான்! நிப்பிள்ல சொட்டு வருது. வருது, வருது. எல்லாம் முட்டி மோதிகிட்டு வருது. தலையத் தூக்கித் தூக்கி முழுங்குது. இந்தா, செவல குடிக்கிது, புள்ளி குடிக்கிது...

...கறுப்பா? கறுப்பு எழுந்திரிக்கல. பக்கத்துல இன்னொண்ணு... மொட்டக் கழுத்தா? இரு, கூண்டத் தொறக்குறேன். மூக்குல தண்ணி தொட்டு வைக்கிறேன்... வைக்கிறேன் ம்மா... ஏய்... ந்தா... குடி... வாய் ஓரமா ஒழுவுது. முழுங்கல... தூக்கிப் பாத்தேன். கழுத்து நிக்கல, மதி.

வயசாயிடுச்சி இல்ல அதுக்கு?... இல்ல, இல்ல, நான் அப்டி சொல்லல... ஆமா, நாங் குடுத்தது தான். வேற ஒண்ணு தரேன். எங்க வூட்டுல மொட்டக் கழுத்துக் குஞ்சே இருக்கு. நாளைக்கே...

என்னா?... ஆமா. தெரியும். அதான் சொன்னனே, படியேறி வந்த ஒடனே தெரிஞ்சிடுச்சின்னு... ஆமா, நாந்தான் சொன்னேன்... கையா? ஆமா, மூடி மேல தான் இருந்துது... அவ்ளோ நேரம் இருக்காது ம்மா. ஒரு அஞ்சி நிமிஷம்... பத்தொம்பதா? அதெப்புடித் தெரியும்?... கேமராவுல மணி ஓடுதா?

...ரெக்கார்டும் ஆவுதா?... சத்தத்தோடயா?

மதி, இங்க பாரு. மாப்ள எங்க? போன அவன்கிட்ட குடு... அவன் வேணாம்னு தான சொல்றான்? பின்ன நீ எதுக்கு இத யூடியூப்ல போடுறேங்குற?... நான் வீடியோவுல எம் பேரு போடச் சொன்னது கூண்டுக்குப் பாப்பா. கூண்டுக்கு. இதுக்கு இல்ல... கேளு, கோழி சாவணும்னு நான் நெனக்கல. புரிய வைக்கலாம்னு... எப்புடி வேல செய்யிதுன்னு தெரிஞ்சா நாளைக்கி அவனே... மதி, நீ அண்ணன் சொல்றத...

சரி, போடு. பேரு போடுவியா?... ஞானசேகரன்னு... ம்... சிதம்பரம்னு ஊரையும்... ம். சரி.

'மதியோட அண்ணன்'னு?

...ஏன் ம்மா, அத மட்டும் போட மாட்ட?... மதி?... மதி, கேக்குதா?... நான் இன்னும் கேமரா முன்னாடி தான் நிக்கிறேன், தெரியிறனா?... ஹலோ... ஹலோ...