துருப்பிடித்த ராக்கெட்டின் சார்பாக

மதிப்பிற்குரிய மன்றப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

எனக்குக் கதை படிக்கும் பழக்கம் கிடையாது. என் வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். லிஃப்ட் கம்பெனியில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பகலெல்லாம் பிறர் எழுதியதைப் படிக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் என்ன படிப்பு?

போன மாதம் உங்கள் இணைய மன்றத்திலிருந்து நீக்கப்பட்ட 'கண்ணாடிக்காரி' என் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள் என்பதால் அந்தப் பெயர். தன் கதைகளுக்குத் தானே பல பெயர்களில் பாராட்டு எழுதிக்கொண்டாள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பாராட்டுகள் எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து வந்தவை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் எழுதியது அவள் இல்லை.

மன்றம் கொண்டாடும் விண்கல டிவி தொடரில் கேப்டன் மருந்துக்கும் சிரிக்கமாட்டார். உங்கள் உறுப்பினர்கள் அவரை வைத்துப் போரும் கண்ணீருமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தபோது, இவள் விண்கலத்தின் கணினிக்கு ஒரு மாமியாரின் வாயைக் கொடுத்தாள்.

"ஹெல்மெட் போட்டுட்டுப் போப்பா, வெளியில காத்து சரியில்ல."

"வெளியில காத்தே இல்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன். எதிர்த்துப் பேசாத."

முதல் கதைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க. சிரிப்பு வரலையோ?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்" என்றேன்.

தெரியும். காலையிலேயே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்திருந்தேன்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்காரன் நன்றாயிருக்கிறது என்றால் அது குழம்புக்குச் சொன்னது போல ஆகிவிடும். வெளியாள் சொன்னால்தான் எடுபடும். ஆகவே ஒரு வெளியாளை ஏற்பாடு செய்தேன். அவர்தான் 'வால்நட்சத்திரம்', எதற்கெடுத்தாலும் சிரிக்கும் கல்லூரிப் பெண். துணைக்கு 'ஓய்வுபெற்ற என்ஜினியர்'. எல்லாரும் புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்பதால் 'துருப்பிடித்த ராக்கெட்' என்று ஒரு சிடுமூஞ்சி. "கதை சுமார். கணினியின் கடைசி வசனம் மட்டும் பாதகமில்லை" என்று ராக்கெட் எழுதிய அன்று, அவள் கடைக்குப் பாடிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மச்சினன் வந்து எங்கள் கணினியில் பந்தாட்டம் பார்ப்பான்.

"அக்கா, உனக்கு ரசிகர் படையே இருக்கு போலிருக்கே."

"போடா. நீ ஒண்ணாவது படிச்சியா?"

"தலைப்பு படிச்சேன்."

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு உண்மையான ரசிகர்கள் வந்தார்கள்.

பலர் வந்தார்கள். அவர்களில் 'அரைநிலா' என்பவர், "இந்தக் கணினியை அணைத்தால் அழுமா, இல்லை, பக்கத்துக் கிரகத்துக்குப் போய் நம்மைப் பற்றிச் சொல்லுமா?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்து என் மனைவி சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். என்னுடைய மூவர் எழுதியதற்கு அவள் ஒரு நாளும் விக்கியதில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. எந்தப் புகாரையும் மறுக்கமாட்டோம். தங்கள் கருத்தை மதிக்கிறோம், லிஃப்ட் எந்த மாடியில் நின்றது, கூடுதல் விவரம் தந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதுவோம். தந்தால், இன்னொரு விவரம் கேட்போம். பெரும்பாலோர் படியேறப் பழகிவிடுவார்கள்.

ராக்கெட் அதே மரியாதையோடு புதியவர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். எந்த வரியில் சிரிப்பு வந்தது, தொடரின் எந்தக் காட்சியை மனதில் வைத்து வந்தது, விளக்கினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றார். என்ஜினியர் வழிமொழிந்தார். சிரித்ததற்குக் காரணம் எழுதச் சொன்னால் யாருக்கும் அப்புறம் சிரிப்பு வராது. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவரிடமும் நான் கடுமையாகப் பேசவில்லை.

அரைநிலா மட்டும் போகவில்லை. போகாததோடு, ரசிகர்களின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறிக் கதை வாசிக்க வேண்டும் என்று அவளை அழைக்கவும் செய்தார்.

"நான் போறேங்க" என்றாள். "ராக்கெட் ஐயாவும் வருவார்ல? அந்த மனுஷன் ஒரு தடவை சிரிக்கிறதப் பாத்துடணும்."

ராக்கெட்டுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிப் பார்த்தேன். "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நேர்ல வந்து பாக்குறேன்" என்று பதில் போட்டாள்.

என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். அவள் மேடையில் நின்று, கூட்டத்தில் மூன்று முகங்களைத் தேடுவாள். கிடைக்காது. பக்கத்தில் அரைநிலா நின்று ஏதாவது சொல்வார், இவள் விக்குவாள், தண்ணீரையும் அவரே கொடுப்பார். அந்த ஏமாற்றத்திலிருந்து அவளைக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

அடுத்த நாள் உங்களுக்கு ஒரு புகார் வந்தது. எல்லாப் பாராட்டும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறது, சரிபார்க்கவும் என்று ஆதாரத்தோடு. "இவ்வளவு ஒழுங்கான புகாரை நான் பார்த்ததே இல்லை" என்று மன்றத்தில் எழுதியிருந்தீர்கள். நன்றி. அதை அலுவலகத்திலிருந்து அனுப்பினேன்.

நீக்கியதும் உங்கள் உறுப்பினர்கள் அவளைக் கேலி செய்து எழுதியவற்றையும் படித்தேன். தரமாக இல்லை.

வீட்டில் அவள் தன் தம்பியைச் சந்தேகித்தாள். "வேற யாருடா இந்த கம்ப்யூட்டரைத் தொடுறது? விளையாட்டுக்குப் பண்ணேன்னாவது சொல்லித் தொலையேன்" என்று அழுதாள். அவன், "அக்கா, எனக்கு நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றான். என்னைப் பார்த்தான். நான் செய்தித்தாளைத் திருப்பினேன். இப்போது அவன் வருவதில்லை. அவனுடைய விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் எழுத வந்த காரணம் வேறு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கடைசிக் கதையில் கேப்டன் ஹெல்மெட் இல்லாமல் கலத்துக்கு வெளியே நிற்கிறார். கதவைத் திறக்காமல் கணினி உள்ளிருந்து, "இப்ப யாரு சொன்னது சரி?" என்று கேட்கிறது. அதோடு நிற்கிறது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

ஆகவே அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரக் கோளாறு என்று அறிவித்தால் போதும், என்னைக் குறிப்பிட வேண்டாம். அவளுக்காக அரைநிலா இன்னும் உங்களிடம் வாதாடிக்கொண்டிருப்பதாக அறிகிறேன். ஏன் என்று கூடுதல் விவரம் கேட்டுப் பெறவும்.

நேற்று அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒரே ஒரு கதை படிச்சிருந்தாக்கூட, உங்களுக்காகவாவது எழுதிட்டு இருந்திருப்பேங்க."

"எனக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே" என்றேன்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை.