சுவரேறிப் பார்த்த பதின்மூன்று சீட்டு

வாக்குமூலம் அளிப்பவர் பெயர் முத்தையா சோலைமலை. வயது நாற்பத்தொன்பது. தொழில், தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுதல். வசிப்பிடம், றொசல்ல, சின்னக்கல் தோட்டம், மேற்பிரிவு, ஐந்தாம் லயம், நான்காம் காம்பரா. தமிழில் சொல்ல விரும்புவதாகக் கூறியதால் பொலிஸ் சார்ஜன்ட் கஜேந்திரன் முன்னிலையில் தமிழில் பதியப்படுகிறது.

நான் மேற்சொன்ன விலாசத்தில் என் மனைவி ஜெயலெட்சுமியுடன் வசிக்கிறேன். சரியாகச் சொன்னால், போன வாரம் வரைக்கும் அவருடன் வசித்தேன். எங்கள் மகள் நிலக்ஷி கலியாணம் முடித்துக் கொட்டகலையில் இருக்கிறாள். என் பேரில் இதற்கு முன் எந்த முறைப்பாடும் கிடையாது. நான் குடிப்பதில்லை. இதைக் கேட்கவில்லை என்று சார்ஜன்ட் சொன்னார், இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

முறைப்பாட்டுக்காரி ஜீவராணி எனக்குப் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறார். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். ஜீவராணி எனக்குத் தங்கச்சி முறை, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தனியே இருந்து போனில் பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தபோது நான் நடுச்சுவரில் ஏறி அவரை எட்டிப் பார்த்ததாக முறைப்பாட்டில் சொல்லியிருக்கிறார். நான் ஏறியது உண்மை. எட்டிப் பார்த்ததும் உண்மை. ஆனால் அவரைப் பார்க்கவில்லை, அவர் போனில் இருந்த சீட்டைப் பார்த்தேன். பக்திப் பாட்டு என்பது பொய்.

கேள்வி: போனில் என்ன சீட்டு?

பதில்: ஒன்லைன் ரம்மி. அதை விளையாடும் விதம் தெரியாவிட்டால் நான் சுவரேறிய காரணம் யாருக்கும் விளங்காது. சார்ஜன்ட் தனக்குத் தெரியாது என்றார். ஆகவே முதலில் அதைச் சொல்கிறேன்.

இரண்டு பேர் விளையாடுவது. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு வரும். நடுவில் ஒரு கட்டு கவிழ்ந்து கிடக்கும், பக்கத்தில் ஒரு சீட்டு நிமிர்ந்து கிடக்கும். நம்முடைய முறை வந்தால் இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு நமக்கு வேண்டாத ஒன்றைப் போட வேண்டும். நாம் போட்டதை எதிராளி எடுக்கலாம், அதனால் எதைப் போடுகிறோம் என்பதில்தான் புத்தி இருக்கிறது. ஒரே இனத்தில் நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாகச் சேர்ந்தால் ரம்மி. ஒரே எண் வேறு வேறு இனத்தில் மூன்று சேர்ந்தால் செட். ஜோக்கரை எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் வைக்கலாம், ஆனால் ஒரு ரம்மியாவது ஜோக்கர் கலக்காமல் சுத்தமாக இருக்க வேண்டும். பதின்மூன்றும் சேர்ந்ததும் டிக் அடித்தால் வெற்றி. ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம்தான் கொடுப்பார்கள், யோசித்துக்கொண்டு நின்றால் நம் முறை போய்விடும். ஜோக்கர் விசயத்தைச் சார்ஜன்ட் இரண்டு தடவை கேட்டு, வேறொரு தாளில் தனக்காகக் குறித்துக்கொண்டார்.

கேள்வி: இதில் காசு உண்டா?

பதில்: இல்லை. நாங்கள் விளையாடுவது காசில்லாத மேசை. மானம் மட்டும்தான்.

கேள்வி: எதிரே விளையாடுவது யாரென்று எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. அதுதான் இத்தனை வில்லங்கத்துக்கும் காரணம். எதிராளியின் முகம் தெரியாது, அவர் வைத்துக்கொண்ட பெயரும் ஒரு படமும் மட்டும் தெரியும். என் பெயர் புலி. அருகிலுள்ளவர்கள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமர்த்தினால் பக்கத்து ஊர்களில் விளையாடுகிறவர்களோடு சேர்த்துவிடும். அப்படித்தான் ரோசாப்பூ என்ற பெயர் எனக்கு வந்து வாய்த்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் ஆம்பிளைகள் உட்கார்ந்து சீட்டு விளையாடுவது வழக்கம். எங்கள் பிரிவில் யார் செத்தாலும் அங்கே என்னோடு ஜோடி சேர ஆட்கள் போட்டி போடுவார்கள். சோலைமலை உட்கார்ந்தால் எதிர்க்கட்சி எழும்ப வேண்டியதுதான் என்று தோட்டத்துத் தலைவர் பழனியாண்டியே பல பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட என்னை இந்த ரோசாப்பூ விடாமல் தோற்கடித்தது. ஒரு மாதம் பொறுத்தேன். தேயிலைச் செடியை வெட்டும்போதும் அதே ஞாபகம்தான். யாரோ நுவரெலியாப் பக்கத்து வாத்தியாராக இருக்கும், கணக்குப் போட்டு விளையாடுகிறான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதன் பின்னர் மேற்படி ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மகளைப் பார்க்கக் கொட்டகலைக்குப் போயிருந்தார். நல்ல மழை. நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு ரோசாப்பூவோடு ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டின் இனத்தில் ஏழாம் சீட்டை எனக்கு வேண்டாம் என்று போட்டேன். போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆத்தாடி, ஏழு வந்துருச்சி!" என்று சத்தம் கேட்டது. அதன் பின்னர் கிளாவர் இரண்டைப் போட்டேன். "ச்சீ, இத யாரு கேட்டா?" என்று கேட்டது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். எங்கள் லயம் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே இரண்டு முழம் வெறுமையாக இருக்கும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் ஆறு வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஆகவே யார் பேசியது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு மாதமாக என் மானத்தை வாங்கிய வாத்தியார் ஜீவராணிதான்.

அந்த நேரம் எனக்குக் கோபமும் வந்தது, சந்தோசமும் வந்தது. சுவர் இருவருக்கும் பொது, மேலே திறந்துதான் கிடக்கிறது, கொஞ்சம் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சாவு வீட்டில் அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்த்தவனை நானே எழுப்பி விரட்டியிருக்கிறேன். ஆனால் அது பாயில் உட்கார்ந்து ஆடுவது, இது போன், இதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதன் பின்னர் கட்டிலைச் சுவரோரமாக இழுத்து, அதன்மேல் அரிசிப் பெட்டியை வைத்து, ஒரு கையில் போனோடு ஏறினேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஜீவராணி அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனை மடியில் வைத்திருந்தார். பெரிய போன். பதின்மூன்று சீட்டும் பளிச்சென்று தெரிந்தன. அம்மன் சத்தியமாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

அந்த ஆட்டம் முடியும் வரை மேலேயே நின்றேன். முடிந்த கையோடு ஜீவராணி நெட்டி முறிக்கத் தலையைப் பின்னால் சாய்த்தார். என் முகமும் அவர் முகமும் நேருக்கு நேர் வந்தன. அவர் போட்ட சத்தத்துக்கு மழை ஒன்றுமே இல்லை. நான் பெட்டியோடு சரிந்து விழுந்தேன். லயமே கூடிவிட்டது.

அதன் பின்னர் தலைவர் பழனியாண்டி வந்து விசாரித்தார். எலி பிடிக்க ஏறினேன் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சீட்டில் களவு செய்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கினால் பிறகு எங்கள் தோட்டத்தில் எந்தச் சாவு வீட்டிலும் யாரும் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். ஜீவராணியும் ரம்மியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கொழும்பில் உள்ள கணவருக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் அவருக்கு. ஆகவே அவர் பாட்டு என்றார், நான் எலி என்றேன்.

தலைவர் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்தில் ஒரு வழக்குத் தீராவிட்டால் அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் முறை. கற்பூரத்தை ஏற்றி, "எலியத்தான் பாத்தேன்னு சொல்லி அணைச்சிரு சோல, இத்தோட முடிஞ்சிரும்" என்றார். நான் கையை நீட்டினேன். அம்மனைப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டேன். மனிதரிடம் எலி என்று சொல்லலாம், அம்மனிடம் எப்படிச் சொல்வது? கற்பூரம் தானாக எரிந்து அணையும் வரைக்கும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பின்னர் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஜீவராணி இங்கே வந்து முறைப்பாடு கொடுத்தார்.

என் மனைவி மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை கேட்டார். அவரிடமும் எலி என்றேன். அவர் உடுப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பட்டிப்பொலவில் உள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சண்டை போடவில்லை, திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு வாரமாக நானே சமைக்கிறேன். என் ரொட்டியை என்னாலேயே கடிக்க முடியவில்லை. கலியாணம் முடித்த காலம் முதல் அவர் ஒரு நாள்கூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை. அவர் வராவிட்டால் எனக்கு அந்தக் காம்பராவும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். இதைச் சொல்லும்போது அழுதேன். அழுததை எழுத வேண்டாம் என்று கேட்டேன், எழுதியாகிவிட்டது என்று சார்ஜன்ட் சொன்னார்.

அதன் பின்னர் இன்று காலை என்னையும் ஜீவராணியையும் இங்கே அழைத்திருந்தார்கள். என் மனைவியையும் விசாரிக்க வேண்டும் என்று பட்டிப்பொலவிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் இருவரையும் வெளி விறாந்தையில் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு என்னை உள்ளே விசாரித்தார்கள். நான் இதுவரை சொன்னதைக் கேட்ட சார்ஜன்ட், "நல்லாத்தான் கத கட்டுறீங்க. எங்க, அந்த ஆட்டத்த காட்டுங்க பாப்போம்" என்றார். நான் போனைத் திறந்து அருகிலுள்ளவர்கள் என்ற பொத்தானை அமர்த்தினேன். உடனே ரோசாப்பூ வந்து உட்கார்ந்தது. சார்ஜன்ட் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இஸ்பேட் ராஜாவைப் போடும்படி சொன்னார். எனக்கு அது தேவைப்பட்டது, இருந்தாலும் பொலிஸ் சொன்னதால் போட்டேன். "ஆத்தாடி, ராசா வந்துருச்சி!" என்று விறாந்தையிலிருந்து சத்தம் கேட்டது.

சார்ஜன்ட் எழும்பி வெளியே போனார், நானும் பின்னால் போனேன். ஜீவராணி போனைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அதன் பின்னர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "அண்ணே, அந்தப் புலி நீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப அன்னிக்கி என்னயப் பாக்கல, என் சீட்டத்தான் பாத்தீங்களா?" என்று கேட்டார். அதற்கும் ஆம் என்றேன். முறைப்பாடு கொடுத்த அன்றுகூட அவருக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அண்ணன் முறையில் இருந்துகொண்டு சீட்டில் களவு செய்யலாமா என்று விறாந்தை முழுக்கக் கேட்கும்படி ஏசினார். கடைசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வென்றது யார் என்பதை நான் என் வாயால் சொல்லி அது பொலிஸ் எழுத்தில் பதியப்பட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். என் மனைவி வாங்கில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கேள்வி: அன்றைய ஆட்டத்தில் வென்றது யார்?

பதில்: இந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: கட்டாயம் இல்லை. ஆனால் முறைப்பாடு அப்படியே இருக்கும்.

பதில்: கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் கொடுக்கப்பட்டது. குடித்த பின்னர் கூறுவதாவது. ஜீவராணிக்கு எந்தெந்தச் சீட்டு வேண்டும் என்று எனக்கு மேலிருந்து தெரிந்துவிட்டது. அதில் ஒன்றைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நானே பிடித்து வைத்துக்கொண்டேன். அப்படிப் பிடித்து வைத்ததில் என் கையில் ஒரு ரம்மிகூடச் சேரவில்லை. அவர் கவிழ்ந்து கிடந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒரு ஜோக்கரை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிக் அடித்தார்.

அப்போது என் மனைவி எழும்பி வந்து, "பதிமூணு சீட்டையும் பாத்துக்கிட்டே தோத்தீங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அவரால் நிறுத்த முடியவில்லை. பிறகு சார்ஜன்டைப் பார்த்து, "நான் நம்புறேங்க ஐயா. பொய் சொல்ற மனுசன் இவ்வளவு கேவலமா சொல்ல மாட்டாங்க" என்றார். ஜீவராணி முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

ரயிலுக்கு நேரமாகிறது, வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்று என் மனைவி வாசலில் நின்று கூப்பிடுவதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன். சொன்னதையெல்லாம் சார்ஜன்ட் திரும்ப வாசித்துக் காட்டினார், விளங்கியது. யாரும் என்னை மிரட்டவில்லை. நான் தோற்ற இடம் உட்பட இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மு. சோலைமலை