தூரம் போகாத கார்

பழைய காரில் ஒரு வசதி உண்டு சார். அதை எடுத்துக்கொண்டு யாரும் ரொம்ப தூரம் போய்விட முடியாது.

எங்களுடையது ஐம்பத்தாறு மாடல். அப்பா வாங்கியது. எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் வெளியே நிறுத்தினால் வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் மனைவி ராஜகுமாரிக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சொந்தத்தில் அப்போது எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. நான் அவளை அடைத்து வைத்திருந்ததாக அவளுடைய சிநேகிதி, சிவகிரி கோமதித்தாய், உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அடைத்து வைக்கிறவன் கார் சாவியைக் கையில் கொடுப்பானா?

அந்தக் காலத்துக் கார்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ என்று ஒன்று இருக்கும். எங்கள் காரில் அது தேய்ந்து பல வருஷம் ஆகிறது. வண்டி ஓட ஓட பேட்டரி இறங்குமே தவிர ஏறாது. அதனால் பேட்டரியைக் கழற்றி என் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய் நானே சார்ஜ் போட்டு வருவேன். முழுசாகப் போட்டால் தென்காசிக்கும் போகலாம். நான் முழுசாகப் போடுவதில்லை. கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் அளவுக்குப் போடுவேன். அவளுக்கு அது போதும்.

"டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடலாமாமே. நின்னுக்கிட்டு இருந்தாக்கூட சார்ஜ் ஏறுமாம்லா" என்று எப்போதாவது கேட்பாள்.

"ஒரிஜினல் போயிரும்ட்டி" என்பேன். அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்கிறீர்கள். என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. டீக்கடைக்காரரும் பூக்கட்டுகிறவர்களும் எல்லாம் தெரிந்தவர்கள். ஒரு தடவை அவள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டி கிளம்புவதற்குள் எனக்குத் தகவல் வந்துவிட்டது. நான் போய் ஜன்னலோரம் நின்று, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். சத்தம் போடவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. அவளாகவே இறங்கி வந்தாள்.

போன வைகாசியில் எலுமிச்சம்பழம் வாங்கப் புளியங்குடிக்குப் போனாள். மார்க்கெட் பக்கத்தில் பேட்டரி இறங்கி வண்டி நின்றுவிட்டது. எனக்குப் போன் பண்ணினாள். நான் உடனே போகவில்லை. அப்படி நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் தாமதித்துத்தான் போவேன். காத்திருக்கிற நேரத்தில் மனிதருக்குப் புத்தி தெளியும். அந்த வெயிலில் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னவர் சலாவுதீன். பக்கத்திலேயே ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். நீங்கள் சந்தேகப்பட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவரேதான்.

அதற்கப்புறம் நான் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போய்த் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து பேட்டரியைக் கழற்ற பானெட்டைத் திறந்தேன். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் இருந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தாள். என் கடைப் பெயின்ட். கை நேர்த்தியாகத்தான் இருந்தது.

பானெட்டை மூடிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டாள். நன்றாக நடந்தது என்றேன்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்குப் போனேன். சலாவுதீனுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம்.

"அக்கா சொல்லிட்டாங்களா அண்ணாச்சி? சர்ப்ரைஸ்னுல்லா சொன்னாங்க."

"சர்ப்ரைஸ்தான். வேலைய நல்லா பண்ணிருக்கீரு."

அவர் பானெட்டைத் திறந்து எல்லாம் காட்டினார். "பழைய வயர மட்டும் திரும்பப் போட்டுராதீங்க. அது டைனமோவுக்குத்தான் தாங்கும். இதுல கரண்டு கூட. பேட்டரி இறங்கிக் கெடந்துச்சுன்னா இன்னும் ஜாஸ்தியா இழுக்கும். வயரு சூடாயி தீப்பிடிச்சிரும். பக்கத்துலயே பெட்ரோல் பைப்பு வேற போகுது. அதான் தடி வயராப் போட்டு, ஃபியூஸும் வச்சு, தள்ளிக் கட்டிருக்கேன்."

"பழைய சாமான்லாம் எங்க?"

"டிக்கில சாக்குல கட்டிப் போட்டுருக்கேன். ஒரிஜினல அண்ணாச்சி கேப்பாகன்னு அக்காதான் சொன்னாங்க. டிரைவர் பக்கக் கதவு உள்ள இருந்து திறக்க மாட்டேங்குதுன்னாங்க, அதையும் சரி பண்ணிட்டேன்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆல்டர்னேட்டரை நான் தொடவில்லை சார். அது அவள் ஆசைப்பட்டுப் போட்டது. தடி வயரையும் ஃபியூஸையும் கழற்றினேன். சாக்கிலிருந்த பழைய வயரை எடுத்து, முன்பு போன வழியிலேயே, பெட்ரோல் பைப்பை ஒட்டிக் கட்டினேன். பேட்டரியில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கி வைத்தேன். கதவின் உள்கைப்பிடி வெறுமனே சுற்றும்படி ஸ்குரூவைத் தளர்த்தினேன். வண்டி வழியில் நின்றுவிடும், அவள் போன் பண்ணுவாள், நான் போய்க் கதவைத் திறந்துவிடுவேன் என்று நினைத்தேன். முதலில் உங்களிடம் அப்படித்தான் சொல்ல இருந்தேன். ஆனால் சலாவுதீன் சொன்னது என் காதில் விழாமல் இல்லை.

பிறகு மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன், ராத்திரிதான் வருவேன் என்று அவளிடம் சொன்னேன். இட்லி கட்டிக் கொடுத்தாள். நான் மதுரைக்குப் போகவில்லை. கடை மாடியில் உட்கார்ந்து அந்த இட்லியைச் சாப்பிட்டேன். வெயில் ஏறின பிறகு கார் கீழே ரோட்டில் போனது. யாரும் பார்க்கக் கூடாதென்று கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். அந்தக் கண்ணாடி ஏற்றினால் லேசில் இறங்காது. கையில் போன் இருந்தது. கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

ராயகிரிக்கு இந்தப் பக்கம், கரிசல் காட்டு நடுவில் வண்டி நின்றிருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரிசெல்வம் புகையைப் பார்த்து ஓடி வந்து, கதவு பூட்டியிருந்ததால் கம்பால் கண்ணாடியை உடைத்திருக்கிறார். அவர் கை வெந்துபோனதில் எனக்கு வருத்தம். டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டின் கதவு நன்றாகத்தான் இருந்தது. அதன் வழியாக அவள் இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த ஸீட்டில் மேலே வரை பைகளை அடுக்கி வைத்திருந்தாள். அத்தனை பைகள் இல்லாவிட்டால் பிழைத்திருப்பாள்.

கடைசியாக அவள் கூப்பிட்டது சலாவுதீனை என்றீர்கள். வண்டியில் கோளாறு என்றால் மெக்கானிக்கைத்தானே கூப்பிடுவார்கள். வேறொன்றுமில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் வேலையில் குறையில்லை. ராஜகுமாரியைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. உங்கள் ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'கணவரைப் பிரிந்து சிவகிரிக்குக் குடிபோகும் வழியில்' என்று ஒரு வரி வருகிறது. கோமதித்தாய் தன் வீட்டு மாடியை அவளுக்காக வெள்ளையடித்து வைத்திருந்ததாகச் சொல்கிறாள். தையல் மெஷின்கூட வாங்கிப் போட்டிருந்தாளாம். அதெல்லாம் கோமதித்தாயின் ஏற்பாடு. என் மனைவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். கொன்றான் என்று எழுதுங்கள், தூக்கில் போடச் சொல்லி எழுதுங்கள், பரவாயில்லை. அவள் என்னை விட்டுப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்திருப்பாள்.