குழலுக்குள் துரு

— தோல் உறையிலயா வெச்சிருந்தீங்க? அதுக்குத் தண்ணித் தொட்டியிலயே போட்டு வெச்சிருக்கலாமேம்மா. வேலையாவது சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

— நல்ல உறை அண்ணே. துப்பாக்கியோட சேர்ந்து வந்தது. அலமாரிக்கு மேல பத்திரமாத்தான் இருந்துச்சு.

— நல்ல உறைதான், யாரு இல்லன்னா. தோள்ல மாட்டிக்கிட்டு நடக்க நல்லா இருக்கும். வீட்டுல போட்டு வெச்சா அதுதான் எமன். காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் தோல் குடிச்சு வெச்சுக்கிட்டு, இரும்புக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிவிடும். இத்தனை வருஷமா இந்த மேஜையில உக்காந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. எல்லாரும் கேட்டுட்டா எனக்கு ஏது பொழப்பு, அது வேற விஷயம்.

— கொஞ்சம் சீக்கிரம் பாத்துடுங்க அண்ணே. வீட்டுக்காரரு வந்துடுவாரு.

— எங்கே இருக்காரு?

— எதிர்த்தாப்ல சலூன்ல. நீயே கொண்டுபோய்க் கொடு, நான் முகத்தை வழிச்சுக்கிட்டு வர்றேன்னாரு.

— அப்ப நேரம் கிடக்கு. அந்த சலூன்காரன் கத்தியைவிட வாயைத்தான் அதிகமாத் தீட்டுவான். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. எதுக்கு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறீங்க?

— சலூன் கண்ணாடியில இந்தக் கடை தெரியும் அண்ணே. அவரு அங்கே உக்காந்தபடியே பாத்துக்கிட்டு இருப்பாரு.

— பாக்கட்டுமே. என் கடையில என்ன ஒளிவு மறைவு? சரி, என்ன கோளாறுன்னு சொல்லி அனுப்பினாரு?

— தோட்டா போடுறதுக்கு மடிப்பாங்களே, அந்த இடம் இறுகிப்போச்சாம். திறக்க வரமாட்டேங்குதாம். துரு இருந்தா எடுத்துடணுமாம். தோட்டத்துல காட்டுப்பன்னி வருதுன்னாரு.

— இந்த வருஷம் எல்லாருக்கும் பன்னி வருது. மழை விட்டதும் என் மேஜை நிறைஞ்சு போகும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு காட்டுவோம். கொஞ்சம் ஊறட்டும். கோபத்துல இழுத்தா எதுவும் வராது, நைசாக் கேக்கணும். இதோ வந்துடுச்சு பாருங்க. முதல்ல உள்ளே தோட்டா இருக்கான்னு பாக்கணும், அப்புறம்தான் மத்ததெல்லாம். இல்ல. நல்லது.

— உப்புத்தாள் வெச்சுத் தேய்ப்பீங்களா?

— ஐயோ, அந்த வேலையே ஆகாது. துருவோட சேர்ந்து மேல இருக்கிற கறுப்புப் பூச்சும் போயிடும். அப்புறம் மறு மழைக்கு ரெண்டு மடங்கு துரு வரும். எண்ணெயில ஊறவெச்சு, நைஸ் இரும்புப் பஞ்சால தடவித் தடவித்தான் எடுக்கணும். குழலுக்குள்ள பித்தளை பிரஷ். இப்ப கம்பியில வெள்ளைத் துணி சுத்தி உள்ளே விடுறேன், எவ்வளவு வருதுன்னு பாப்போம். அட.

— என்ன அண்ணே?

— துணியைப் பாருங்க. செங்கல் பொடியில புரட்டி எடுத்த மாதிரி.

— நிறைய இருக்கா?

— இருங்க, விளக்கைக் கிட்ட இழுத்துக்கிறேன். ம். எனக்கு இது கணக்குல வரமாட்டேங்குதே. துரு எப்பவும் வெளியேதான் ஆரம்பிக்கும். கை படுற இடம், வேர்வை படுற இடம். இது வெளியே புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குது, உள்ளே பொரிஞ்சு கிடக்கு. வெளியே எண்ணெய் போடுறது யாரு?

— நான்தான். தையல் மெஷின் எண்ணெய்.

— நல்ல எண்ணெய்தான். வெளியே இவ்வளவு பக்குவமாப் போடுற கை, உள்ளே ஏன் ஒரு சொட்டு விடல?

— தெரியல அண்ணே.

— பொரிஞ்ச இடத்துல வெள்ளையா என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. பொடியும் இல்ல, பூஞ்சையும் இல்ல. அம்மா, இது உப்பு.

— மெதுவாப் பேசுங்க.

— கடையில நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்.

— என்னை நிமிர்ந்து பாக்காதீங்க அண்ணே. துப்பாக்கியைப் பாத்தே பேசுங்க. கையை நிறுத்தாதீங்க. உங்க கை நின்னா அவரு எழுந்து வந்துடுவாரு.

— சரி. துடைச்சுக்கிட்டே இருக்கேன். சொல்லுங்க.

— குழந்தைக்கு மருந்து ஊத்துற சிரிஞ்சு இருக்குல்ல, அதுல உப்புத்தண்ணி எடுத்து குழல் முனை வழியா உள்ளே விடுவேன். அவரு குளிக்கப் போறப்ப. பைப் சத்தம் நிக்கிறதுக்குள்ள வெளியே துடைச்சு, எண்ணெய் தடவி, உறையில போட்டு, நாற்காலி மேல ஏறி மேல வெச்சிடுவேன்.

— எதுக்கும்மா?

— எதுக்குன்னு கேக்குறீங்களே.

— கேக்கக்கூடாதுதான். அடிப்பாரா?

— கையே ஓங்கமாட்டாரு. வெளியே கேட்டா தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. சாப்பிட உக்காரும்போது இதை எடுத்து மேஜை மேல வெப்பாரு. முனை யாரு பக்கம் இருக்கோ அவங்க அன்னிக்கு ஏதோ தப்பு பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். என்ன தப்புன்னு சொல்லமாட்டாரு. நாமளே யோசிச்சுக்கணும். அவரு சாப்பிட்டு எழுந்து போற வரைக்கும் அது அப்படியே இருக்கும். எப்பவும் என் பக்கம்தான் இருக்கும். போன மாசம் குழந்தை பக்கம் திருப்பி வெச்சாரு.

— என்ன வயசு குழந்தைக்கு?

— இப்பதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கா. தட்டுல மிச்சம் வெச்சுட்டா, அவ்வளவுதான். அன்னிக்குத்தான் முதல் தடவையா உப்பைக் கரைச்சேன்.

— பாவி மனுஷன்.

— முகத்துல காட்டாதீங்க அண்ணே.

— காட்டல. துருவைப் பாத்து முகம் சுளிக்கிறேன்னு நெனச்சுப்பாரு.

— ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது செத்துப்போச்சா, இல்ல இன்னும் உப்பு விடணுமா?

— செத்துப்போறதுன்னா?

— இனிமே சுடாதுல்ல? துருப்பிடிச்சா எல்லாம் நின்னுடுதே அண்ணே. சைக்கிள் செயின் நின்னுடுது. பூட்டு நின்னுடுது. என் கத்திரிக்கோல் ஒரு மழையில இறுகி, அப்புறம் திறக்கவே இல்ல. இதையும் திறக்க முடியலன்னு அவரு வாயாலயே சொன்னப்ப, கோவிலுக்குப் போய் வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

— இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா.

— சொல்லுங்க.

— செயினும் பூட்டும் அசைஞ்சாத்தான் வேலை நடக்கும். குழல் அசையறதே இல்ல, அது வெறும் வழி. துரு அதை அடைக்காது, அரிக்கத்தான் செய்யும். சுடுற வேலையெல்லாம் பின்னாடி தோட்டாவைக் குத்துற ஊசியிலயும் அதைத் தள்ளுற ஸ்பிரிங்லயும் இருக்கு. உங்க உப்புத்தண்ணி வழிஞ்சு வந்து மடிக்கிற இடத்தோட நின்னுடுச்சு. ஊசிகிட்ட ஒரு சொட்டு கூடப் போகல.

— அப்ப?

— மடிப்பு இறுகியிருந்தாலும், உள்ளே தோட்டா இருந்திருந்தா இது நேத்தும் சுட்டிருக்கும்.

— மேஜை மேல இருந்தப்பவும்?

— ஆமாம்மா. இப்ப முன்னைவிட மோசம். அரிச்ச குழல், சுடும்போது கிழிஞ்சாலும் கிழியும். சுட்டவன் கை போகும். எதிர்ல இருக்கிறவங்க எப்படியும் தப்ப முடியாது. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். தண்ணி கொடுத்தா என்னமோ நடந்திருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.

— மூச்சை மெல்ல விடுங்க.

— போன வாரம் எதிர்த்துப் பேசிட்டேன் அண்ணே. கல்யாணம் ஆனதுலருந்து ஒரு வார்த்தை பேசாதவ. அது என்னைப் பாத்துக்கிட்டு மேஜை மேல கிடக்குது. நான் அவரை நேருக்கு நேரா பாத்து, இனிமே குழந்தை பக்கம் இதைத் திருப்பினா நடக்கிறதே வேறன்னு சொன்னேன். எங்கேருந்து வந்துச்சு அந்தத் தைரியம்? இது செத்துடுச்சுன்னு நெனச்சதுல வந்தது.

— அதுக்கு அவரு என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. உப்பை எடுத்து இந்தப் பக்கம் வைன்னாரு.

— சலூன்ல இப்ப என்ன நடக்குது? திரும்பாதீங்க.

— உங்க ஷோகேஸ் கண்ணாடியில தெரியுது. ஒரு கன்னம் முடிஞ்சுடுச்சு.

— ம்.

— துருவை எடுக்காதீங்க அண்ணே. இல்ல, எடுங்க. எது நல்லதுன்னே எனக்குப் புரியல. இது திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

— லைசென்ஸ் அவரு பேருல இருக்கு. அவரு பொருளை நான் பிடிச்சு வெச்சுக்க முடியுமா? நான் ஒண்ணும் பெரிய வீரன் இல்லம்மா. ஒரு புகார் எழுதிப் போட்டாருன்னா என் கடைக்கு சீல் வெச்சிடுவாங்க. எனக்கும் வீடு இருக்கு. உள்ளதைச் சொல்றேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு.

— தெரியும் அண்ணே. உங்களைச் சங்கடப்படுத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.

— எழுந்துக்காதீங்க, உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. குழல் அரிச்சிருக்கிறது நெசம். இந்த நிலைமையில திருப்பிக் கொடுத்து அது வெடிச்சா என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க. அதனால சோதனைக்கு அனுப்பணும், வர நாளாகும்னு சொல்றேன். அதை அவரு ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குள்ள நீங்க போய்ச் சேர ஒரு இடம் இருக்கா?

— அக்கா இருக்கா. பஸ்ல போகணும்.

— துணிமணி மூட்டை கட்டிக்கிட்டு நிக்காதீங்க. குழந்தையைப் பள்ளிக்கூடத்துல விடப் போற மாதிரி போய், அப்படியே பஸ் ஏறிடுங்க. அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் புகார் கொடுங்க. நான் பாத்ததை நான் வந்து சொல்றேன். சொல்றேனா? சொல்றேன்.

— நாளைக்குக் காலையிலயே போறேன். இது இங்கே இருக்குன்னா இன்னைக்கு ஒரு ராத்திரியாவது கண்ணை மூடுவேன்.

— இருக்கும். நான் பொறுப்பு.

— துண்டால முகத்தைத் துடைக்கிறாரு அண்ணே. எழுந்துட்டாரு.

— உப்புங்கிற பேச்சே நம்ம வாயில வரக்கூடாது. தோல் உறைதான் காரணம். சரியா?

— வர்றாரு.

— என்ன மாஸ்டர், என் வீட்டுக்காரி உங்களை வேலை செய்ய விட்டாளா? வீட்டுல வாயே திறக்கமாட்டா. இங்கே நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாளே, அங்கேருந்து பாத்தேன்.

— அவங்க எங்கே சார் பேசினாங்க? நான்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். தோல் உறையில போட்டு வெச்சு நல்ல சாமானைக் கெடுத்திருக்கீங்க.

— அதானே. உறைதான் காரணமா?

— உறையேதான் சார். மேல எண்ணெய் இருந்ததால உங்களுக்குத் தெரியல. ஈரம் உள்ளே தங்கிக் குழலை அரிச்சிடுச்சு. இதை வெச்சுச் சுட்டா உங்க கைக்கே ஆபத்து. சோதனைக்கு அனுப்பாம என்னால திருப்பித் தர முடியாது.

— நாளாகுமோ?

— ஒரு மாசம் ஆகலாம். கூடவும் ஆகலாம்.

— அதானே, இதெல்லாம் அவசரப்பட்டா முடியுமா? நல்லதாப் போச்சு. நானும் தெரிஞ்சுக்கிறேன் மாஸ்டர். துருவே வராம இருக்க எப்படி வெக்கணும்?

— தொட்ட கையோட எண்ணெய்த் துணியால துடைச்சிடணும். வெளியே மட்டும் இல்ல, உள்ளேயும் மெல்லிசா எண்ணெய் ஓடியிருக்கணும். உறையும் கூடாது, பஞ்சு வெச்ச பெட்டியும் கூடாது, எல்லாம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மருந்து டப்பாவுல ஈரம் உறிஞ்சுற பொட்டலம் வருமே, அதுல நாலஞ்சு பக்கத்துல போட்டு, காஞ்ச இடத்துல வெக்கணும். அப்பப்ப எடுத்துப் பாக்கணும்.

— மாஸ்டர் சொல்றதைக் கேட்டுக்கிட்டியா?

— கேட்டேங்க.

— ஏன் முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?

— மண்ணெண்ணெய் வாடைங்க. தலை சுத்துது.

— அதானே. வா, காத்தாட நடந்தா சரியாயிடும். நீங்க நிதானமா வெச்சிருங்க மாஸ்டர், எனக்கு ஒரு அவசரமும் இல்ல. வீட்டுல இன்னொண்ணு இருக்கு. எண்ணெய்த் துணி, பொட்டலம், காஞ்ச இடம்னு நீங்க சொன்ன பக்குவத்துலயேதான் வெச்சிருக்கேன். எங்கே இருக்குன்னு இவளுக்குத் தெரியாது, அதனால அதுல உப்பு படல.