பேசாதவன் பிடிச்ச நிலை

முந்தி முந்தி, ரயிலும் வராத, தார்ரோடும் போடாத காலத்துல, தேரி மணலுக்குத் தெக்க தாபோர்விளைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. இப்பவும் இருக்கு, நம்ம ஊருதான். ஆனா அன்னைக்கு இருந்த தாபோர்விளை வேற. ஊரு பூரா ஓலைக்குடிசை, பனங்காடு, நடுவுல கல்லால கட்டின வேதக்கோயிலு ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான் ஊரு.

அந்த ஊருல பரிபூரணம்னு ஒருத்தி இருந்தா. புருசன் பனையில இருந்து விழுந்து செத்துட்டான். ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருந்தா. நல்ல உசரமாம். தொண்டையைத் திறந்தான்னா தேரிக்கு அந்தப்பக்கம் மேயுத ஆடு திரும்பிப் பாக்குமாம். சுவருக்கு மண்ணு மிதிக்க அவளை மிஞ்ச ஆளு கிடையாதுன்னு சொல்லுவாவ.

அவ எங்களுக்கு ரத்த உறவு ஒண்ணும் இல்ல. எங்க பூட்டன் வேதக்கண்ணுக்கு அவ பேசாத ஆளு. அந்த வகையிலதான் எங்களுக்கு அவ சொந்தம்!

ஏன் பேச்சு இல்லன்னு கேக்கியளா? ஒரு வருசம் கோயில் அசனம். ஊருக்கே சோறு. எங்க பூட்டன்தான் பந்தி விசாரிக்காரு. சோறு பத்தாமப் போச்சு, வெளிய ஆளு நிக்கி. அப்ப பரிபூரணம் பிள்ளையோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. எங்க பூட்டன் சத்தமா, அத்தனை பேரு முன்னால சொல்லிட்டாரு: "உனக்கு இது எத்தனாவது பந்தி? எந்திரி, எந்திரி!"

அவ இலையை மடக்கினா. பிள்ளை கையைப் பிடிச்சா. போயிட்டா.

அன்னையில இருந்து பேச்சு இல்ல. கோயில்ல அவ தெக்க உக்காந்தா இவரு வடக்க. இவரு கிணத்துக்கு வந்தா அவ குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிருவா. இப்படியே வருசம் போச்சு. வருசம் போக வருசம் போக, வீம்புதான் வளந்துச்சு.

அப்ப வந்துச்சுய்யா, காத்து! ஐப்பசி மாசம். காலையிலேயே கடல் பக்கம் கறுத்துச்சாம். மத்தியானம் காத்து சுத்துச்சாம். பனையெல்லாம் சாமியாடுத மாதிரி ஆடி, படீர் படீர்னு முறிஞ்சு விழுதாம். கூரை பறக்கு, கோழி பறக்கு. சனம் பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கிட்டு, "ஆண்டவரே, ஆண்டவரே"ன்னு கல்லுக்கோயிலுக்குள்ள வந்து விழுந்துச்சு. ஊருக்கு மேற்க இருந்த, பானை செய்யுத வேளார் குடும்பங்களும் ஓடி வந்தாவ. அவுக சுடலைமாடனைக் கும்பிடுதவிய. அன்னைக்கு அல்தாருங்குத பலிபீடத்துப் பக்கத்துல அவுக பிள்ளையதான் தூங்குச்சாம்.

காத்து நின்னுச்சு. வெளிய வந்து பாத்தா ஊரு இல்ல. நின்ன வீடு ஒண்ணு கிடையாது.

ஞானசிகாமணின்னு கோயிலைப் பாத்துக்கிடுத உபதேசியாரு, அவரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. சேகரத்து ஐயரு, அதான் பெரிய போதகரு, வர பாதை இல்ல, மரம் விழுந்து கிடக்கு. பரிபூரணம் சேலையை வரிஞ்சு கட்டினா. "உக்காந்தா ஆச்சா? அவியவிய வீட்டுல நனையாத அரிசி இருந்தா கொண்டு வாங்க. நனைஞ்சதும் கொண்டு வாங்க!" வேளார் வீட்டுப் பெரிய பானையில கஞ்சி கொதிச்சுச்சு.

எங்க பூட்டன் முன்னால கஞ்சியைக் கொண்டுபோய் வச்சா எங்க பூட்டி அன்னப்பழம். அவரு கேட்டாராம், "யாரு காய்ச்சினா?"

"உபதேசியாரு காய்ச்சினாவ."

"உபதேசியாருக்குச் சுடுதண்ணி போடத் தெரியுமா?"

"பசியில இருக்கும்போது கேள்வி கேக்காதிய. குடிங்க!"

குடிச்சுட்டாரு.

மறுநா வீடு கட்டணுமேன்னு பேச்சு வந்துச்சு. அவனவன் தன் வீட்டை நெனச்சு நிக்கான். பரிபூரணம்தான் சொன்னா. "தனித்தனியா கட்டினா பொங்கலுக்கும் முடியாது. எல்லாரும் சேந்து ஒவ்வொரு வீடா கட்டுவோம். விழுந்த பனை இருக்கு, ஓலை இருக்கு, குளத்துல மண்ணு இருக்கு. பிள்ளை பெத்தவ, பெறப் போறவ வீடு முதல்ல. நடக்க மாட்டாதவுக வீடு அடுத்தாப்புல. என் வீடு கடைசி."

அவளே கடைசின்னு சொன்ன பெறவு மத்தவன் என்ன பேச? சரின்னுட்டாவ. ஆம்பளைய மரம் அறுத்தாவ. பொம்பளைய மண்ணு மிதிச்சாவ. கிழடு கட்டையெல்லாம் உக்காந்து ஓலை முடஞ்சாவ. காலையில கோயில்ல ஒரு ஜெபம், உடனே வேலை. "கோயில்கை இன்னைக்கு யாரு வீட்டுக்கு?"ன்னு கேக்குதது அப்ப வந்ததுதான். கோயில்கைன்னா அந்தக் கூட்டத்துக்குப் பேரு.

இசக்கிமுத்து வேளாரு வீடு வந்தப்ப ஒருத்தன் இழுத்தானாம். "அவரு நம்ம கோயிலுக்கு வாரவரு இல்லியே..."

பரிபூரணம் திரும்பினா. "அன்னைக்கு எந்தப் பானையிலலே கஞ்சி குடிச்ச?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு முன்னால போனானாம்.

இப்படி வீடு ஒவ்வொண்ணா எந்திரிக்கு. எங்க பூட்டன் வீடு மட்டும் எந்திரிக்கல. அவரு மக கிருபை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. நெறமாசம். ஒரு சாய்ப்புக் கொட்டகைக்குள்ள, ஈரத்தரையில, ஓலைப்பாயில கிடக்கா. பரிபூரணம் வச்ச சட்டப்படி அந்த வீடு எப்பவோ கட்டியிருக்கணும். முதல்லயே கூப்பிடப் போன ஆளை எங்க பூட்டன் விரட்டிட்டாரு.

"யாரு அனுப்பினா?"

"பரிபூரணத்தம்மா."

"அவ கை பட்ட வீட்டுல நான் குடியிருக்க மாட்டேன். போங்கலே!"

சாலமோன்னு ஒருத்தன், கோயில்கையில நல்ல வேலைக்காரன், வந்து சொன்னான். "அவரு வேண்டாம்னுட்டாரு, பெரியம்ம. நாம அடுத்த வீட்டைப் பாப்போம்."

பரிபூரணம் என்ன சொன்னா? "சரி, விடு"ன்னுட்டா. ஆமா, உள்ளதைச் சொல்லணும்லா. அவளும் மனுசிதானே. வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு, எனக்கென்னன்னு இருந்துட்டா.

எங்க பூட்டன் ஒத்தையில கட்ட ஆரம்பிச்சாரு. அவரு பழைய வீட்டு நிலை மட்டும் சேதமில்லாம கிடந்துச்சு. வைரம் பாஞ்ச பனையில செஞ்ச வாசல்நிலை, ரெண்டு ஆளு தூக்குத கனம். அதை நிறுத்தித்தான் சுவரு வைக்கணும். நிறுத்துவாரு, கம்பு முட்டுக் கொடுப்பாரு, மண்ணெடுக்கத் திரும்புவாரு, தேரி மணல்ல கம்பு வழுக்கும், நிலை பொத்துன்னு விழும். திரும்ப நிறுத்துவாரு. திரும்பப் பொத்து!

அடுத்த தெருவுல மண்ணு மிதிச்சுக்கிட்டு இருந்த பரிபூரணத்துக்குச் சத்தம் கேக்கு. முதத் தடவை பொத்துன்னு கேட்டப்ப சிரிச்சாளாம். அடுத்தாப்புல கேட்டப்பவும் சிரிச்சாளாம். அதுக்கடுத்து பொத்துன்னதும் சாய்ப்புக்குள்ள இருந்து கிருபை "எப்பா, விடுங்கப்பா... முடியலப்பா"ன்னு அழுதது கேட்டுச்சு. இவ காலு மண்ணுல அப்படியே நின்னு போச்சு. அண்ணாந்து பாத்தா. மேக்க மழை கட்டிக்கிட்டு நிக்கி.

காலைக்கூட கழுவல. நேரே நடந்தா. கோயில்கையும் பின்னால போச்சு. "நீங்க அந்த முள்ளு உடைமரத்துக்கு அந்தப்பக்கம் நில்லுங்க, கூப்பிட்டா வாங்க"ன்னு சொல்லிட்டு, தனியா வாசலுக்குப் போனா.

எங்க பூட்டன் நிலையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காரு. விடவும் முடியல, நிறுத்தவும் முடியல. இவளைப் பாத்ததும் மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாரு. பேச்சுதான் இல்லியே, எப்படிப் பேச? பரிபூரணம் நிலையைப் பாத்துப் பேசினா.

"ஏ நிலையே, உன்னை ஒத்தையில நிறுத்தப் பாக்குத மனுசனுக்குப் புத்தி இருக்கா?"

அவரும் நிலையைப் பாத்துச் சொன்னாரு. "நிலையே, யாரோ என்னமோ சொல்லுதாவ. நீ காதுல போட்டுக்கிடாத."

"நிலையே, உள்ள ஒரு பிள்ள இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கு. வானம் கறுத்து வருது. வீம்பை வச்சுக் கூரை மேயலாமான்னு கேட்டுச் சொல்லு."

அவரு பிடி நழுவி நிலை சாயுது. அப்பவே நிலையோட ஒரு காலை இவ ரெண்டு கையாலயும் பிடிச்சா. நிலை நின்னுச்சு. அவரு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்.

பெறவு எங்க பூட்டன் மெல்ல, "நிலையே, அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிக்கச் சொல்லு"ன்னாரு.

அவ்வளவுதான்! பரிபூரணம் தொண்டையைத் திறந்தா. "ஏ, வாங்கலே எல்லாரும்!"

உடைமரத்துப் பக்கமிருந்து சனம் திமுதிமுன்னு வந்துச்சு. மண்ணு வருது, தண்ணி வருது. சுவரு ரெண்டு பக்கமும் எழும்புது. ஆனா மண்ணு இறுகி நிலையைக் கவ்வுத வரைக்கும் பிடிச்ச கையை எடுக்க முடியாதே! வேற ஆளு மாத்திப் பிடிக்கவான்னு சாலமோன் கேட்டான். ரெண்டு பேரும் ஒரே குரல்ல "வேண்டாம்"னாவளாம்.

நேருக்கு நேரு நிக்காவ. இத்தனை வருசம் பாக்காத மூஞ்சி. எங்க போக? அப்ப எங்க பூட்டன் மூக்குல ஒரு எறும்பு ஏறுது. கையை எடுக்க முடியாது. மூக்கைச் சுழிக்காரு, ஊதுதாரு, தலையை ஆட்டுதாரு. எறும்பு போவேனாங்கு. பரிபூரணம் பல்லைக் கடிச்சுப் பாத்தா, முடியல. "ஏ நிலையே, மூக்குல ஒரு மாடு ஏறி மேயுது"ன்னுட்டா. எங்க பூட்டன் சிரிச்சுட்டாரு. சிரிச்சதுல நிலை ஆடுது. "மாமோய், ஆட்டாதிய!"ன்னு சாலமோன் கத்துதான்.

சிரிச்சு ஓஞ்சதும் எங்க பூட்டன் கண்ணு கலங்கிட்டாம். நிலையைப் பாக்கல. அவ மூஞ்சியைப் பாத்தாரு.

"பரிபூரணம்."

அவ நிமிந்து பாத்தா.

"அன்னைக்குப் பந்தியில நான் சொன்னது பொய்யி. நீ அப்பத்தான் முதல்ல உக்காந்த. எனக்குத் தெரியும். சோறு பத்தாதேன்னு பயந்துட்டேன். யாரையாவது எழுப்பணும்னு பாத்தேன். ஆம்பள இல்லாத வீடு, உன்னை எழுப்பினா கேக்க ஆளில்லன்னு எழுப்பிட்டேன்."

மண்ணு எடுத்துக்கிட்டு இருந்தவிய எல்லாம் அப்படியே நின்னுட்டாவ.

பரிபூரணம் சொன்னாளாம். "என்னைச் சொன்னதை நான் எப்பவோ விட்டுட்டேன். எம்பிள்ளை இலையில பாதிச் சோறு கிடந்துச்சு. வீடு வார வரைக்கும் அதைத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தான்."

எங்க பூட்டன் வாய்விட்டு அழுதுட்டாரு. கையால கண்ணைத் துடைக்கவும் வழி இல்ல.

அவ சொன்னா, "சரி, அழுதது போதும். கெட்டியாப் பிடியும். நிலை கோணுச்சுன்னா கதவு சேராது."

நிலை நின்னுச்சு. சுவரு எழும்புச்சு. அன்னைக்கே அரைவாசிக் கூரையை மேஞ்சு, கிருபையை உள்ள கொண்டு போனாவ. மழை பிடிச்சுக்கிட்டு ஊத்துச்சு. மழைச் சத்தத்துக்குள்ள பிள்ளைச் சத்தமும் கேட்டுச்சு. பிள்ளையைக் கையில ஏந்தினது பரிபூரணந்தான். அந்தப் பிள்ளைதான் எங்க அப்பா.

எல்லா வீடும் முடிஞ்சு, கடைசியில பரிபூரணம் வீடு. நிலை நிறுத்தணும். ஒரு காலை யாரு பிடிக்கன்னு பேச்சு வரும்போதே எங்க பூட்டன் வந்து நின்னுட்டாரு. சாலமோன் சும்மா இருக்காம, "மாமா, அன்னைக்குப் பேச்சு இல்லாமப் பிடிச்சீரு. இப்பத்தான் ரெண்டு பேருக்கும் பேச்சு இருக்கே, நீரு எப்படிப் பிடிப்பீரு?"ன்னு கேட்டான். எங்க பூட்டன் பரிபூரணத்தைப் பாத்து, "ஏட்டி, நிலை நிக்குத வரைக்கும் நான் உன்கூடப் பேசல"ன்னாராம். ஊரே சிரிச்சுச்சாம்.

அன்னையில இருந்து தாபோர்விளையில இது வழக்கம். யாரு வீடு கட்டினாலும், நிலை வைக்குத அன்னைக்கு, வீட்டுக்காரரோட பேச்சு இல்லாத ஆளைக் கூப்பிடணும். அவருதான் ஒரு காலைப் பிடிக்கணும், வீட்டுக்காரரு மறு காலைப் பிடிக்கணும். நேரா பேசக் கூச்சமா இருந்தா நிலைகிட்ட பேசிக்கிடலாம். கூப்பிட்டா வர மாட்டேன்னு சொல்லப்பிடாது. இன்னைக்கு வரை யாரும் சொன்னதும் இல்ல. பேசாத ஆளே இல்லாதவன் வீடு கட்டினா அவன்பாடுதான் திண்டாட்டம். ஒருத்தரு நிலை வைக்குததுக்கு முந்தின வாரம் மச்சினன்கிட்ட வேணும்னே சண்டை இழுத்தாரு.

இப்ப எல்லாம் சிமெண்டு, கம்பி. பிடிக்கவே வேண்டாம், தன்னால நிக்கும்னு மேஸ்திரி சிரிக்காரு. சிரிக்கட்டும். நாங்க பிடிக்கோம்.

கோயில்கையும் அப்படியே இருக்கு. எங்க வெள்ளம் வந்தாலும், எங்க காத்தடிச்சாலும், நம்ம பிள்ளைய தார்ப்பாயையும் மண்வெட்டியையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போவாவ. போன மழைக்கு ஆத்தோரம் ஒரு ஊருக்குப் போனாவ. சாதி தெரியாது, சாமி தெரியாது, முன்னப்பின்ன பாத்த மூஞ்சி ஒண்ணு கிடையாது. இடிஞ்ச ஒரு வீட்டு முன்னால நின்னு நம்ம வழக்கப்படி கேட்டிருக்காவ. "இந்த வீட்டுக்காரவியளோட பேச்சு இல்லாதவுக யாரு?"

ஊரு முழிச்சுச்சாம். கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்தாவளாம். பெறவு எதிர்வீட்டுக்காரரு ஒருத்தரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தண்ணிக்குள்ள இறங்கி வந்தாராம். வந்து, "எந்தப் பக்கம் பிடிக்கணும்?"னு கேட்டாராம்.