ஜீவராஜின் ஈரல் எடுக்கப்படாத விபரம்

சுப்பையா புஷ்பவதி, வயது 43, தோட்டத் தொழிலாளி, இல. 7 லயம், மலர்வத்தைத் தோட்டம் கீழ்ப்பிரிவு, இரத்தோட்டை. திடீர் மரண விசாரணையில் 2025.03.15 முற்பகல் 10.20 மணிக்குத் தமிழில் கூறியது:

நான் மேற்படி முகவரியில் கணவர் ஜீவராஜுடனும் மகள் கிருஷாந்தினியுடனும் வசித்து வந்தேன். கணவருக்கு வயது 47. மிளகு காயவைக்கும் இடத்தில் வேலை செய்தார். மகளுக்கு வயது 19. மாத்தளையில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். எனக்கு மெதுவாகப் பேசினால் விளங்கும்.

கடந்த 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 6.45 மணியளவில் கணவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். அதன் பின்னர் வளைவில் டிப்பர் லொறி மோதிவிட்டதாகப் பக்கத்து லயத்து வீட்டார் வந்து சொன்னார்கள். அன்று அவர் குடித்திருந்தாரா என்று கேட்கப்பட்டது. இல்லை. போன வருடம் ஆடி மாதத்திற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

அதன் பின்னர் அவரை மாத்தளை வைத்தியசாலையில் சேர்த்து, அங்கிருந்து வேறொரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். 13ஆம் திகதி பிற்பகல் இரண்டாந் தடவையும் சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது, மெசினால்தான் மூச்சுப் போகிறது என்று டாக்டர் அம்மா மகளிடம் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள். நான் அவருடைய கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. அதன் பின்னர் ஈரலையும் சிறுநீரகங்களையும் வேறு நோயாளிகளுக்குக் கொடுக்க விருப்பமா என்று டாக்டர் கேட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. மகளும் நானும் பேசி, மறுநாள் காலை சம்மதம் தெரிவித்தோம்.

அதன் பின்னர் டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, மஞ்சள் காமாலை வந்ததா, சீனி வருத்தம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் குடியைப் பற்றிக் கேட்டார். "பதினஞ்சு வருசம், தினமும் குடிச்சாரு" என்று நான் சொன்னேன். மகள் அதைச் சிங்களத்தில் சொல்லும்போது, எப்போதாவது விசேஷத்துக்கு மட்டும் என்று சொன்னாள். அது எனக்கு விளங்கியது. டாக்டர் அப்படியே எழுதினார். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்பவர்களுக்கு நாங்கள் அவரைப் பற்றி எப்போதும் அப்படித்தான் சொல்வோம். நானும் அதைத் திருத்தாமல் கையொப்பம் வைத்தேன்.

அதன் பின்னர் வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மஸீனா என்ற பெண் இருந்தார். நான் கொடுத்த தேநீரை நோன்பு என்று சொல்லி வாங்கவில்லை. "எங்கட இவருக்கு ஈரல் மாத்தப் போறாங்க. ரெண்டாந் தரம் கூப்புட்டிருக்காங்க. விபத்துல அடிபட்ட யாரோ ஒருத்தர்ட ஈரலாம்" என்று சொன்னார். அவருடைய கணவரின் பெயர் நப்லான். நான் எழுந்து உள்ளே போய், தினமும் குடித்தார், பதினைந்து வருடம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஏசவில்லை. எழுதியிருந்ததை வெட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டார். குடித்தவர் என்பதற்காக மட்டும் வேண்டாமென்று சொல்வதில்லை, திறந்து பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று மகள் மூலம் சொன்னார். மகள் அழுதுகொண்டே அதைச் சொன்னாள்.

அதன் பின்னர் முற்பகல் 10.30 மணியளவில் கணவரைச் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு டாக்டர் வந்து, சிறுநீரகங்கள் எடுத்தாயிற்று, ஈரலை எடுக்கவில்லை, அதில் கொழுப்பும் தழும்பும் இருக்கிறது, சிறு துண்டு வெட்டிச் சோதித்தோம், இதை வைத்தால் பெறுகிறவர் பிழைக்கமாட்டார் என்று சொன்னார். நான் சொன்னதால்தான் வேண்டாமென்றார்களா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். டாக்டர் வேகமாக நிறையப் பேசினார். நீங்கள் சொல்லாவிட்டாலும் பார்த்ததும் தெரிந்திருக்கும் என்று மகள் சொன்னாள். டாக்டர் சொன்னதைத்தான் அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் நாங்கள் பிரேதத்திற்காகக் காத்திருந்தபோது மஸீனா கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். நப்லானின் கண்கள் மஞ்சளாகவும் வயிறு வீங்கியும் இருந்தன. ஈரல் சரியில்லையாம், திரும்பக் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள் என்று மஸீனா சொன்னார். "ஒங்கட ஆளுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் நாற்காலியை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் கணவருக்காகத் துஆ செய்வதாக நப்லான் சொன்னார். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நான் கூறியவை இவ்வளவே. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை என்று கண்டு கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. புஷ்பவதி